ஐஸ் உருகும்வரைதான் கூட்டம்

திருகோணமலையில் யாருக்கும் பயப்படாமல் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பவை இரண்டுதான். ஒன்று கோணேசர் மலை. மற்றது ஐஸ் அன்ரி. மலையாவது அலை வந்து அடிக்கும்போது பேசாமல் நிற்கும். அன்ரிக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

அவருடைய சொந்தப் பெயரை நான் ஒரேயொரு தடவை, ஒரு காசோலையில் பார்த்திருக்கிறேன். அந்தக் கையெழுத்தை வங்கிக்காரர்களாலேயே வாசிக்க முடியவில்லை. மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் அவருக்கு ஓர் ஐஸ் தொழிற்சாலை இருந்தது. கடலுக்குப் போகும் படகுகள், பிடிக்கும் மீன் பழுதாகாமல் இருக்க அங்கேதான் ஐஸ் ஏற்றிக்கொண்டு போகும். கணவர் காலமான பிறகு அன்ரி தனியாகவே அதை நடத்தினார். ஒரு பொம்பிளை ஐஸ் மிசின் ஓட்டுவதா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இரண்டாம் தடவை கேட்டவர்கள் இல்லை.

குரல் அப்படி. தொழிற்சாலை வாசலில் நின்று "டேய் அன்ரன்!" என்று அவர் ஒரு சத்தம் போட்டால், உட்துறைமுகத்தில் நங்கூரமிட்டிருக்கும் கப்பல்களில் அன்ரன் என்று பெயருள்ள மாலுமிகள் எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள். ஏசத் தொடங்கினால் அந்தோனியாரைச் சாட்சிக்குக் கூப்பிட்டுத் தொடங்கி, காளியம்மனிடம் ஒப்படைத்து முடிப்பார். இரண்டு இடத்திலும் தனக்குச் செல்வாக்கு உண்டு என்பது அவருடைய நம்பிக்கை.

அன்ரியின் மேசையில் மணிக்கூடு கிடையாது. ஐஸ்தான் மணிக்கூடு. யாராவது கதைக்க வந்தால் ஒரு தட்டில் ஐஸ் கட்டி வரும். அது உருகி முடிந்தால் கதையும் முடிந்தது, வந்தவர் எழும்ப வேண்டியதுதான். கட்டியின் அளவை, வந்தவரைப் பார்த்து அன்ரி தீர்மானிப்பார். கடன் தருகிறோம் என்று பல்லைக் காட்டிக்கொண்டு வந்த வங்கி மனேஜருக்குத் தேசிக்காயளவு. வாக்குக் கேட்டு வந்த அரசியல்வாதிக்குச் சோடாவுக்குள் போடும் அளவு. அதையும் அவர் வாயைத் திறக்கமுன் வெயிலில் வைத்துவிட்டார்கள் என்று கேள்வி.

நான் முதன்முதல் போனபோது எனக்கு வந்தது நெருப்புப்பெட்டி அளவு.

அப்போது நான் ஓர்ஸ் ஹில்லில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் வேலை செய்தேன். பாலையூற்றில் எங்களுக்கு ஒரு சிகிச்சை நிலையம் இருந்தது. நடக்க ஏலாத, கை கால் வழங்காத பிள்ளைகளுக்கு அங்கே பயிற்சி கொடுப்போம். பயிற்சி கொடுப்பவர் பிலோமினா மிஸ். நிறுவனத்தின் தலைவியும் அவர்தான், மழைக்காலத்தில் கூரை ஒழுகினால் வாளி வைப்பவரும் அவர்தான். என் வேலை அறிக்கை எழுதுவது. காலையில் அறிக்கை, மத்தியானம் அறிக்கைக்கு விளக்கம், பின்னேரம் விளக்கத்துக்கு இணைப்பு. நன்கொடை தருபவர்களுக்கு நான் எழுதி அனுப்பிய தாளை எல்லாம் விரித்திருந்தால் நிலாவெளி வரைக்கும் நிலம் தெரிந்திருக்காது.

அன்ரியிடம் நான் கொண்டுபோனதும் அப்படி ஒன்றுதான். வழுவழுத் தாள், கலர்ப் படம், சுருள் கம்பி, முழுக்க இங்கிலீஷ். அன்ரி அதைக் கையில் எடுத்து நிறுத்துப் பார்த்தார்.

"இதென்ன தம்பி, ஆற்றயும் கலியாண அல்பமோ?"

"திட்ட முன்மொழிவு அன்ரி."

"ஆருக்கு விளங்க எழுதினது?"

அது எனக்கும் தெரியாது. "நன்கொடை தாறவைக்கு" என்று சமாளித்தேன்.

"நான்தானே தாறவ. எனக்கு விளங்கேல்லையே. வாயால சொல்லுங்கோ. ஐஸ் உருகுது."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலாம் காலாண்டின் எதிர்பார்க்கப்படும் பெறுபேறுகள் என்று தொடங்கினேன். அன்ரி கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். யன்னலுக்கு வெளியே ஒரு படகு ஐஸ் ஏற்றிக்கொண்டு நின்றது.

"அந்த போட் எத்தினை சூரை மீனோட திரும்பி வரும்?"

"தெரியாது அன்ரி."

"எனக்கும் தெரியாது. ஓட்டிக்கொண்டு போறவனுக்கும் தெரியாது. ஆனா ஐஸ் இப்பவே ஏத்துறன். எத்தினை பிடிப்பாய் எண்டு எழுதித் தந்தாத்தான் ஐஸ் எண்டு நான் சொன்னா, அவன் என்ன செய்வான்?"

யோசித்துப் பார்த்தேன். "பொய் எழுதித் தருவான்."

"அப்ப நீங்களும் எனக்கு எழுதித் தரவேண்டாம்."

என் நான்கு வருட உத்தியோகத்தை ஒருவர் ஒரே வசனத்தில் தூக்கிக் கடலில் போட்டது அன்றுதான். அன்ரி தட்டைப் பார்த்தார். ஐஸ் இன்னும் பாதி கிடந்தது.

"மிச்சம் கிடக்கு. வேற ஒருத்தரும் தராத சாமான் ஒண்டு சொல்லுங்கோ பாப்பம்."

பதற்றத்தில் உண்மை வந்துவிட்டது. "மலகூடக் குழி நிரம்பிப் போச்சு அன்ரி. ரெண்டு மாசமா ஆரும் காசு தரேல்லை."

அன்ரி சிரித்த சிரிப்பில் வெளியே நின்ற காகங்கள் எல்லாம் எழும்பின. விஷயம் உண்மைதான். விளையாட்டுச் சாமான் தர ஆள் இருந்தது. சுவருக்குப் பூச்சுப் பூசித் தங்கள் சின்னத்தைப் பெரிதாகப் போட ஆள் இருந்தது. பதாகை மட்டும் எங்களிடம் ஒரு அறை நிறையக் கிடந்தது. குழிக்கு யார் பெயர் போட்டுக்கொள்வார்கள்? அடுத்த நாளே பவுசர் வண்டி வந்து இறைத்துக்கொண்டு போனது. நன்றி மறக்கக் கூடாது என்று நான் ஒரு பெயர்ப்பலகை வைக்கலாமா என்று கேட்கப் போனேன்.

"குழிக்கு மேல என்ர பேரை எழுதப் போறியோ? போடா பேயா" என்றார். அன்றிலிருந்து "நீங்கள்" போய் "நீ" வந்துவிட்டது. எனக்கு அது பதவி உயர்வு கிடைத்த மாதிரி இருந்தது.

பிறகு அன்ரி எங்கள் நிலையத்தைப் பார்க்க வந்தார். வழக்கமாகப் பார்க்க வருபவர்களுக்கென்று நான் பதினொரு கோப்புகளை அடுக்கி, மேலே ஒரு பூச்சாடியும் வைத்திருந்தேன். அவர் கோப்புகளின் பக்கம் திரும்பவே இல்லை. நேரே குசினிக்குப் போய்ச் சட்டிகளைத் திறந்து பார்த்தார். பிள்ளைகளை ஏற்றி இறக்கும் எங்கள் வானில் ஏறிப் பின் கதிரையில் இருந்து குலுங்கிப் பார்த்தார். ஓட்டுநரைக் கூப்பிட்டு, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். அவர் பால் இல்லாத பிளேன்ரீ மட்டும் என்றார்.

"பிள்ளையளைத் தூக்கி இறக்கிற கைக்குப் பிளேன்ரீயோ?" என்று அன்ரி பிலோமினா மிஸ்ஸைப் பார்த்தார். அடுத்த திங்கட்கிழமையில் இருந்து எங்கள் எல்லாருக்கும் மத்தியானச் சோறு வந்தது. வானுக்கு நான்கு புது ரயர் வந்தது. எந்த முன்மொழிவிலும் நான் கேட்கத் துணியாத சாமான்கள் இவை.

அன்றைக்குத்தான் அவர் யாழினியைப் பார்த்தார். ஐந்து வயது. திரியாயிலிருந்து கிழமையில் மூன்று நாள் தாயோடு எங்கள் வானில் வருபவள். கால்களில் இறுக்கம். பல மாதப் பயிற்சிக்குப் பிறகு அப்போதுதான் இரண்டு கம்பிகளையும் பிடித்துக்கொண்டு எழும்பி நிற்கத் தொடங்கியிருந்தாள். அன்ரி கிட்டப் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துப் பார்த்தார்கள்.

"நீங்கள் ஆர்?" என்றாள் யாழினி.

"நான் ஐஸ்."

"ஐஸ்கிறீமோ?"

"அதைவிட இறுக்கம். நடந்து என்ர பெக்டரிக்கு வா, காட்டுறன். தூக்கிக்கொண்டு வந்தா உள்ளுக்கு விடமாட்டன், சொல்லிப்போட்டன்."

தாய்க்காரி பயந்துவிட்டார். யாழினி பயப்படவில்லை. "ஓம், வாறன்" என்றாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் வெளிநாட்டுப் பணம் ஒரே கிழமையில் நின்றது. எங்களுக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும். எங்களுக்கு உதவிய பெரிய நிறுவனம் ஒன்று கதவை இழுத்து மூடிவிட்டது. மிச்சம் இருந்த இரண்டு கொழும்பு நிறுவனங்களிடமிருந்து அழகான கடிதங்கள் வந்தன. "இந்த இக்கட்டான காலத்தில் உங்களோடு தோளோடு தோள் நிற்கிறோம். ஆகவே மறு அறிவித்தல் வரை உதவியை இடைநிறுத்துகிறோம்." அந்த "ஆகவே" எப்படி அங்கே வந்தது என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன்.

பிலோமினா மிஸ் கணக்குப் பார்த்தார். மாத முடிவில் நிலையத்தை மூட வேண்டும். அதற்கு முதல் வானை நிறுத்த வேண்டும். வான் நின்றால் திரியாய்ப் பிள்ளைகள் வர ஏலாது. "ஆறு மாசம் பயிற்சி நிண்டால் யாழினியின்ர கால் திரும்ப இறுகிப்போகும். பிறகு முதல்ல இருந்துதான். அதுவும் சரிவருமோ தெரியாது" என்றார். சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அன்ரியிடம் போகலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்போது மாரிக்காலம். வாடைக்காற்று தூக்கி அடித்ததில் படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன. ஐஸ் வாங்க ஆளில்லை. அவருக்கே கஷ்டம் என்று நாங்கள் பெருந்தன்மையாக வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் மழைக்குள் ஓர் ஓட்டோ வந்து நின்றது. அன்ரி இறங்கினார். நனைந்த சேலையோடு அலுவலகத்துக்குள் வந்து, என் கதிரையில் இருந்து, மேசையில் கிடந்த அந்தக் கடிதங்களை வாசித்தார்.

"ஊரில நாய் பூனைக்கெல்லாம் தெரியும், எனக்கு மட்டும் சொல்லேல்லை. ஏன்?"

"உங்களுக்கும் இப்ப யாவாரம் இல்லைத்தானே அன்ரி..."

"யாவாரம் இல்லையெண்டு நான் மிசினை நிப்பாட்டினனானோ? போய்ப் பார்."

உண்மைதான். ஒரு படகும் ஓடாத மாரியில் அன்ரியின் தொழிற்சாலை மட்டும் இரவு பகலாக ஓடும். துறைமுகத்தில் எல்லாரும் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். விற்காத ஐஸை அவர் செத்த வீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் சும்மா அனுப்புவார். ஐஸ் அன்ரிக்கு மாரியில் மூளையும் உறைந்துவிடும் என்று நானே சொல்லியிருக்கிறேன்.

"நிப்பாட்டினா ஐஸ் உறையிற ராங்கி சூடாகிப்போம். திரும்பக் குளிர நாலு நாள் வேணும்" என்றார். "காத்து ஓய்ஞ்சு முதல்நாள் போட் இறங்கேக்க ஐஸ் இல்லாட்டி, அவன்ர மீன் பழுதாப்போம். கடல் கொந்தளிக்கிற நேரத்திலதான் மிசின் ஓடவேணும். அந்தப் பிள்ளையின்ர காலும் அப்பிடித்தானே பிலோமினா?"

பிலோமினா மிஸ் தலையாட்டினார்.

அன்ரி கைப்பையைத் திறந்து ஒரு காசோலையை மேசையில் வைத்தார். தண்ணீர் பட்டு மூலை நனைந்திருந்தது. தொகையைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அவருடைய ஐஸ் மிசினின் பழைய கொம்பிரசர் எப்போது நிற்குமோ என்று இருமிக்கொண்டு கிடந்தது. புதியது வாங்க வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த காசு அது.

"அன்ரி, இது கொம்பிரசர் காசு."

"வாயை மூடு. இது நாலு மாசத்துக்குக் காணும். வான் நிக்கக் கூடாது. மிச்சத்துக்கு அந்தத் தோளோடு தோள் நிக்கிற ஆக்களைக் கூப்பிடு. தோளைப் பாப்பம்."

நான் மூன்று பக்கத்தில் அழைப்புக் கடிதம் எழுதினேன். அன்ரி முழுவதையும் வெட்டிவிட்டு ஒரு வரி எழுதுவித்தார்: "வாருங்கள், மத்தியானம் நண்டுக்கறி." இரண்டு நிறுவனமும் உடனே வருகிறோம் என்று பதில் போட்டன. என் அறிக்கைகளுக்கு அவ்வளவு விரைவாகப் பதில் வந்ததே இல்லை.

நான் இன்னொரு யோசனையும் சொன்னேன். கூட்டத்துக்கு யாழினியைக் கூப்பிட்டு நிற்க வைத்தால் பார்ப்பவர்களின் மனம் இளகும் என்றேன். அன்ரி என்னைப் பார்த்த பார்வையில் நான் அரை அடி குறைந்துவிட்டேன்.

"பிள்ளையைக் காட்டிக் காசு கேக்கப் போறியோ? அவளுக்கு அண்டைக்கு வேலை இருக்கு. நடக்கப் பழகிற வேலை. நாங்கள் எங்கட வேலையைச் செய்வம்."

கூட்டம் எங்கள் அலுவலகத்தில். ஒரு நிறுவனத்திலிருந்து ரை கட்டிய ஓர் ஐயா வந்தார். மற்றதிலிருந்து ஓர் இளம் அம்மணி, கையில் ஒரு சின்னக் கொப்பி மட்டும். ஐயா லப்டொப்பைத் திறந்து "மாறிவரும் சூழலில் தாக்குப்பிடித்தல்" என்று ஒரு படக்காட்சியைத் தொடங்கினார். அப்போதுதான் கதவு திறந்தது. அன்ரியின் தொழிலாளிகள் நான்கு பேர் கொக்கி போட்டு, சாக்குச் சுற்றி, முழு ஐஸ் கட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையின் நடுவில் வைத்தார்கள். மேசை முனகியது. என் வாழ்நாளில் அன்ரி யாருக்கும் அந்த அளவு வைத்து நான் பார்த்ததில்லை.

"அன்ரி, இவையளுக்கோ இவ்வளவு?" என்று காதுக்குள் கேட்டேன்.

"அவையளுக்கில்லை. விசயத்துக்கு."

பிறகு சபையைப் பார்த்துச் சொன்னார்: "என்ர வழக்கம், ஐஸ் உருகுமட்டும்தான் கூட்டம். இது உருக நாளைக்கு விடிஞ்சிடும். அதுக்கு முன்னம் முடிவு வந்தா நண்டு சாப்பிடலாம். வராட்டி ஒருத்தரும் எழும்பேலாது."

பின்பக்கக் குசினியிலிருந்து நண்டுக்கறி வாசம் அதே நேரத்தில் வந்தது. அது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

ஐயா நாலாவது படத்தில் இருக்கும்போது தண்ணீர் அவருடைய லப்டொப்பை எட்டியது. அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நின்றபடியே பேசினார். ஒன்பதாவது படத்தில் அவருடைய சப்பாத்து நனைந்தது. அன்ரி கேட்டார்:

"ஐயா, குறை நினைக்காதேங்கோ. உங்களிட்டக் காசு இல்லையோ?"

"இல்லையெண்டு இல்லை. ஒதுக்கு நிதி ஒண்டு இருக்கு."

"அது என்னத்துக்கு வைச்சிருக்கிறியள்?"

"கஷ்ட காலத்துக்கு" என்றார் ஐயா, பெருமையாக.

"இப்ப என்ன காலம்?"

ஐயா படக்காட்சியில் விடை இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பணிப்பாளர் சபை கூடித்தான் தீர்மானிக்க வேண்டும், அடுத்த சபை மூன்று மாதம் கழித்துத்தான் என்று மெல்லச் சொன்னார்.

அந்த அம்மணி அதுவரை வாயே திறக்கவில்லை. கையை ஐஸில் வைத்துக்கொண்டு அன்ரியைப் பார்த்தார். "நீங்கள் எவ்வளவு குடுத்தனீங்கள் அம்மா?"

"அது உங்களுக்குத் தேவையில்லாத கதை பிள்ளை."

என்னால் பொறுக்க முடியவில்லை. "கொம்பிரசருக்கு வைச்சிருந்த முழுக் காசும் குடுத்தவ. மிசின் எந்த நேரமும் நிண்டுபோகும்" என்று உளறிவிட்டேன். அன்ரி மேசைக்குக் கீழால் என் காலை மிதித்தார். அந்தப் பெருவிரல் நகம் பிறகு கறுத்தே போனது.

அம்மணி எழும்பித் தொலைபேசியோடு விறாந்தைக்குப் போனார். "எழும்பேலாது" என்று அன்ரி சொல்லவில்லை. கண்ணாடிக்கு வெளியே அவர் கையை ஆட்டி ஆட்டிக் கதைப்பது தெரிந்தது. நான் உள்ளே இருந்துகொண்டு எனக்குத் தெரிந்த எல்லாக் கடவுளையும் கூப்பிட்டேன். திரும்பி வந்தபோது அவருடைய முகம் சிவந்திருந்தது.

"தலைவரோட கதைச்சனான். மூண்டு வருசத்துக்குத் தாறம். சம்பளமோ, டீசலோ, என்னத்துக்கெண்டாலும் நீங்களே தீர்மானியுங்கோ. அறிக்கை ஒரு பக்கம் காணும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அவரும் ஆராவது முதல்ல துணியட்டும் எண்டுதான் பாத்துக்கொண்டு இருந்தவராம்."

பிலோமினா மிஸ் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் ஒரு பக்கம் என்ற சொல்லைக் கேட்டு, வேலை போய்விட்டது என்று ஒரு கணமும், உயிர் வந்துவிட்டது என்று மறுகணமும் தடுமாறிக்கொண்டிருந்தேன். அன்ரி மெல்ல ஐயாவின் பக்கம் திரும்பினார்.

"நாங்களும்... பாக்கலாம்" என்றார் ஐயா.

"பாக்கலாமோ, தரலாமோ?"

ஐயா ஐஸைப் பார்த்தார். குசினியைப் பார்த்தார். நனைந்த சப்பாத்தைப் பார்த்தார். பிறகு, அவரும் நல்ல மனிதர்தான், சிரித்துவிட்டார். "தரலாம். சபையை இந்தக் கிழமையே கூட்டுறன்."

"பிலோமினா!" என்று அன்ரி போட்ட சத்தத்துக்குத் துறைமுகமே திரும்பியிருக்கும். "நண்டைக் கொண்டு வா!"

ஐயா சொன்னபடியே செய்தார். வான் ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஐயா பிறகு மூன்று முறை நண்டுக்கு வந்தார், ஒவ்வொரு முறையும் லப்டொப் இல்லாமல். பழைய கொம்பிரசரும் அன்ரிக்குப் பயந்தோ என்னவோ இருமிக்கொண்டே ஓடியது.

வாடை ஓய்ந்து படகுகள் இறங்கத் தொடங்கிய ஒரு காலையில் எங்கள் வான் ஐஸ் தொழிற்சாலை வாசலில் போய் நின்றது. ஓட்டுநர் தூக்க வந்தபோது யாழினி கையைத் தட்டிவிட்டாள். பிடித்துக்கொண்டு நடக்கும் வோக்கரை இறக்கச் சொன்னாள். வாசலிலிருந்து அன்ரியின் மேசைக்கு நீங்களும் நானும் போனால் அரை நிமிடம். அவளுக்கு நீண்ட நேரம் எடுத்தது. ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் கொக்கியைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள். யாரும் உதவிக்குப் போகவில்லை. அன்ரி கண்ணாலேயே எல்லாரையும் தடுத்து வைத்திருந்தார். கடைசியில் அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நடந்து வந்தனான்" என்றாள். "காட்டுங்கோ."

துறைமுகத்துத் தொழிலாளிகள் அன்று போட்ட விசிலைத் தேர்த் திருவிழாவில்கூட நான் கேட்டதில்லை. அன்ரி உள்ளே பார்த்து ஒரு விரலை அசைத்தார். முழுக் கட்டி ஒன்று வந்தது, கூட்டத்துக்கு வந்த அதே அளவு. யாழினி கன்னத்தை அதில் வைத்துவிட்டுக் குளிரில் கீச்சிட்டாள்.

"இவ எவ்வளவு நேரமும் இருக்கலாம்" என்று அன்ரி அறிவித்தார். குரல் என்றுமில்லாமல் கம்மியிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஐஸ் தண்ணி தெறிச்சுப்போச்சு என்றார். ஓம் அன்ரி என்றேன்.

யாழினியும் தாயும் வானில் போன பிறகும் அந்தக் கட்டி பாதிக்கு மேல் மேசையில் கிடந்தது. எனக்கு அலுவலகத்தில் ஒரு பக்க அறிக்கை எழுத வேண்டியிருந்தது. அன்ரிக்கு வெளியே ஆறு படகு காத்துக்கொண்டு நின்றது. ஆனாலும் அது முழுவதும் உருகும்வரை நான் எழும்பவில்லை. அன்ரியும் எழும்பச் சொல்லவில்லை.